செரினா நிறுத்தச் சொன்ன நேரம்

செரினாவிடம் யாராவது "நம்புங்க" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்த ஆளை அவள் லேசில் விடமாட்டாள். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் விற்கிற ஒருவர் "இன்னைக்குக் காலைல வந்ததுதான், நம்புங்க அக்கா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு என்ன பாடு பட்டார் என்பதை அவள் கணவன் ரஞ்சன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னாளாம். காட்டினாராம். பக்கத்து மீனையும் காட்டுங்க என்றாளாம். ஐஸுக்கு அடியில் கிடந்ததையும் எடுக்கச் சொன்னாளாம். மனுஷர் கடைசியில், "அக்கா, நீங்க மீன் வாங்க வந்தீங்களா, என்னைய ஜெயில்ல போட வந்தீங்களா?" என்று கேட்டே விட்டார். செரினா கோபித்துக்கொள்ளவில்லை. "மீன் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு கிலோ போடுங்க" என்றாள்.

அதுதான் அவள். தோண்டுவாள், துருவுவாள், ஆளை ஒரு வழி பண்ணுவாள். சரியாக இருந்தால் சரி என்று வாயாரச் சொல்லவும் தெரியும்.

இந்தக் குணத்துக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? கொடுக்கிறார்களே! தஞ்சோங் பகாரில் ஓர் உயரமான கட்டடத்தில் அவளுக்கு மேசை இருக்கிறது. கிளவுட் நிறுவனங்களைச் சோதிப்பது அவள் வேலை. கிளவுட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். நம்முடைய படங்கள், வங்கி விவரம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இப்போது நம் வீட்டில் இல்லை, வேறு யாரோ ஒருவருடைய பெரிய கணினிகளில் இருக்கின்றன. அந்த யாரோ ஒருவர் கதவை ஒழுங்காகப் பூட்டுகிறாரா, வேலையை விட்டுப் போனவனிடமிருந்து சாவியை வாங்கினாரா, ஒரு கணினி படுத்துவிட்டால் இன்னொன்று எழுந்து நிற்குமா என்றெல்லாம் பார்த்துவிட்டு, இவரை நம்பலாம் அல்லது வேண்டாம் என்று எழுதித்தருகிறவள் செரினா. இருபது வருஷமாக இதே பிழைப்பு. சான்றிதழ் வைத்திருக்கிறோம் என்று சுவரைக் காட்டுவார்கள். "அழகா ஃப்ரேம் போட்டிருக்கீங்க. இப்ப வேலை செய்யுதான்னு காட்டுங்க" என்பாள். பேச்செல்லாம் சிரித்த முகத்தோடுதான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பல பேருக்கு வியர்த்துப் போகும்.

போன மாதம் அவள் போன இடம் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருந்தது. கீழே பிரியாணிக் கடை, மாடியில் காசுவாரினா கிளவுட் என்று ஒரு சின்ன நிறுவனம். கணினிகள் அங்கே இல்லை. ஒரு கூட்டம் தெம்பனிஸ் பக்கம் ஒரு கட்டடத்தில், இன்னொரு கூட்டம் ஜூரோங் பக்கம். அவற்றை இருந்த இடத்திலிருந்தே மேய்க்கிற ஆட்கள் மட்டும் பிரியாணி வாசத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களிடம் ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் விவரங்கள் இருந்தன. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிற இடம். யாருக்கு எவ்வளவு எடை குறைக்க வேண்டும், என்ன மருந்து, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம் தாதியர் பார்க்கிற திரையில் வரும். அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது காசுவாரினா. இப்போது அந்த நிலையம் தன்னுடைய மற்ற கிளைகளின் விவரங்கள் அத்தனையையும் இங்கே கொண்டுவர யோசித்தது. அதற்கு முன்னால் செரினாவைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டது: எங்கள் நோயாளிகளை இவர்களிடம் ஒப்படைக்கலாமா?

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். நோயாளிகள் நாற்காலியில் இருக்கும்போதே தெம்பனிஸ் கணினிகளை நிறுத்த வேண்டும். அந்த வேலையை ஜூரோங் தானாக ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்த நேரம் என்பதை அவள்தான் சொல்வாள், நிறுவனம் சொல்லக்கூடாது. நிலையமும் சம்மதித்தது. இந்த வாரம் எந்த நேரத்திலும் ஒத்திகை வரலாம் என்று தாதியருக்குச் சொல்லி, அவசரத்துக்கு எல்லார் விவரத்தையும் தாளில் அடித்துக் கையில் கொடுத்திருந்தார்கள். சுத்திகரிக்கிற இயந்திரங்கள் எப்படியும் தனியாக ஓடுகிறவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று ஆகவில்லை. செரினா படியேறிப் போனாள்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் அழகப்பன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. அவருக்கு உதவியாக முனீரா என்று ஒரு பொறியாளர், வேகமாகப் பேசுகிற பெண். வாரத் தொடக்கத்திலேயே செரினா இவர்கள் இரண்டு பேரையும் உலுக்கி எடுத்திருந்தாள். நோயாளி ஒருவரின் சீட்டைத் திறந்து காட்டச் சொன்னாள். முனீரா எவ்வளவு முயன்றும் திறக்கவில்லை. அதை நடத்துகிறவர்களுக்கே படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். செரினாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. மிச்சம் இந்த ஒத்திகை ஒன்றுதான்.

"வணக்கம் அண்ணே. தெம்பனிஸ நிறுத்துங்க. இப்ப" என்றாள்.

அழகப்பனுடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"இப்பவா? உட்காருங்க மேடம், முதல்ல ஒரு தே குடிங்க."

"குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"இது நம்ம கீழ் கடை தே. வேற மாதிரி இருக்கும். கறிபாப்பும் சுடச்சுட இருக்கு. நானே போய் வாங்கிட்டு வர்றேன்."

தடுப்பதற்குள் மனுஷர் படியிறங்கிவிட்டார். தேநீர் வந்தது, உள்ளே உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப்பும் வந்தது. பிறகு மிளகாய்ச் சாஸ் மறந்துவிட்டது என்று மறுபடி இறங்கினார். வந்து உட்கார்ந்ததும் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று தேடினார். அது அவர் தலைமேலேயே இருந்தது. முனீரா வாயைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். அப்புறம் ஒரு கடவுச்சொல் சரியில்லை என்றார், ஜூரோங்கில் ஒருமுறை எல்லாம் சரிபார்த்துவிடலாம் என்றார், நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

செரினாவுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. ஒரு நிறுவனம் நேரத்தைக் கடத்துகிறது என்றால் அவள் அகராதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதையோ மறைக்கிறார்கள். ஜூரோங் செத்துக் கிடக்கிறதா? இத்தனை நாள் காட்டியதெல்லாம் வேஷமா? சே, நல்ல ஆட்கள் என்று நினைத்தோமே என்று வருத்தமாகவும் இருந்தது.

அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றேகால். வெள்ளிக்கிழமை.

அட!

செரினா கத்தோலிக்கப் பெண்தான். ஆனால் ராகு காலத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கட்டிக்கொண்டது ரஞ்சனை. திருமணப் பதிவுக்கு அவளுடைய ஆட்கள் எல்லாரும் வந்து நின்றாயிற்று, மாப்பிள்ளையின் அப்பாவை மட்டும் காணோம். கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று போன் வந்துகொண்டே இருந்தது. அவள் அண்ணன் கிளாரன்ஸ் இறங்கிப் போய்ப் பார்த்தால், காலி இடங்களுக்கு நடுவே அவர் காரை ஊர்கோலமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்! அன்றும் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு அடித்த பிறகுதான் அவருக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்பதெல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கு, சிங்கப்பூர்ச் சூரியனுக்கு இன்னும் தள்ளிப்போகும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

இப்போது அழகப்பனுடைய நெற்றியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கறிபாப்பைப் பார்த்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. ராகு காலம்தானே?"

அழகப்பன் ஒரு கணம் விழித்தார். பிறகு அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார். "ஆமா, ஆமா மேடம். ராகு காலம். தப்பா நினைக்காதீங்க. மனசு கேக்கல."

"அதுக்கு ஏன் இவ்வளவு நாடகம்? என் மாமனார் கார் பார்க்கையே சுத்தோ சுத்துன்னு சுத்துனவரு. எனக்குத் தெரியாதா?" என்றாள் செரினா. "ஆனா ரிப்போர்ட்ல ராகு காலம்னு எழுத முடியாது லா. சரி, உங்களுக்காக ஒண்ணு செய்றேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு வச்சுக்கலாம். அன்னைக்கு ஒன்பதுக்கே ராகு காலம் முடிஞ்சிடும்."

ஒரு தணிக்கையாளர் இவ்வளவு இறங்கிவருவது பெரிய விஷயம். மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டாமா?

"திங்கள் வேணாம் மேடம். செவ்வாய் வைங்களேன்" என்றார் அழகப்பன்.

"செவ்வாய் எனக்கு வேற இடம். புதன் காலைல?"

"புதனும்... வியாழன் ரொம்ப நல்ல நாளு மேடம். எத்தனை மணின்னாலும் சரி. ராகு காலத்துலகூட வைங்க!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செரினாவின் சிரிப்பு அப்படியே நின்றது. ராகு காலத்துக்குப் பயப்படுகிறவர் ராகு காலத்திலேயே வையுங்கள் என்று சொல்வாரா? திங்கள் ஆகாது, புதன் ஆகாது, வெள்ளி ஆகாது. செவ்வாயும் வியாழனும் ஆகும். இந்தக் கணக்கை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கோ என்ன, இந்த வேலைக்காகவே அந்த டயாலிசிஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தபோது தாதி சொன்னதுதான். நோயாளிகளில் பாதிப் பேர் திங்கள், புதன், வெள்ளி. மீதிப் பேர் செவ்வாய், வியாழன், சனி. காலையில் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியம் ஆகிவிடும்.

தன் புத்தியைத் தானே நொந்துகொண்டாள். இருபது வருஷம் தோண்டித் துருவுகிறவள், விபூதியைப் பார்த்ததும் முடிவுகட்டிவிட்டாளே! ஒரு தமிழரைப் பார்த்து இன்னொரு தமிழர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வெட்கமாக இருந்தது.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "உங்க வீட்ல யாரு அங்க போறாங்க?"

முனீரா சட்டென்று திரும்பினாள். அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது.

அழகப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் வீட்டுக்காரி. மங்களம். மூணு வருஷமா போறா. இப்ப அங்கதான் இருக்கா. அந்த ஜன்னலோர நாற்காலி."

கீழே பிரியாணிக் கடையில் யாரோ பாத்திரத்தை உருட்டினார்கள்.

"எனக்கு எல்லாம் தெரியும் மேடம். மெஷின் தனியா ஓடும். தாதி கையில பேப்பர் இருக்கு. ஜூரோங் எழுந்திருக்கும், நானே கட்டினது, எத்தனையோ தடவை நிறுத்திப் பாத்தாச்சு. ஆனா அவ இல்லாத நாளாப் பாத்துத்தான் நிறுத்தியிருக்கேன். அவ பேரு அந்த ஸ்க்ரீன்ல ஒரு நிமிஷம் காணாமப் போறத நினைச்சா... என் கை வரமாட்டேங்குது." அவர் குரல் உடைந்தது. "முட்டாள்தனம்தான். எழுதிக்குங்க."

செரினா எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தாள். ஆனாலும் அவள் செரினா. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை அந்த ஜன்னலோர நாற்காலியில யாரு உட்காருவாங்க?"

அழகப்பன் தெரியாதென்று தலையசைத்தார்.

"பேரு எனக்கும் தெரியாது," என்றாள் அவள். "அவங்களும் யாரோ ஒருத்தர் வீட்டு மங்களம்தானே? இனி எல்லாக் கிளையும் உங்ககிட்ட வரப்போகுது. அவ்வளவு பேரு. நீங்க கட்டினத நீங்களே உங்க வீட்டம்மாவுக்கு நம்பலைன்னா, அவங்கள நம்பச் சொல்லி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

கடுமையான பேச்சுதான். அவள் அதைக் கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஐயோ, இந்த மனுஷர் அழுதுவிடுவாரோ என்று பயந்தும் போனாள்.

அழகப்பன் அழவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"முனீரா," என்றார், "தெம்பனிஸ நிறுத்து."

"ஷ்யூரா அங்கிள்?"

"நிறுத்தும்மா. மேடம் சொன்ன நேரம் இதுதானே?"

முனீரா நிறுத்தினாள். திரையில் பச்சையாக இருந்த தெம்பனிஸ் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. இது நல்லபடியாக முடிய வேண்டுமே என்று செரினா, சோதிக்க வந்தவள், மாதாவை வேண்டிக்கொண்டாள். வேலை இடத்தில் அவள் அப்படி வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஜூரோங் பக்கம் ஒரு கட்டம் பச்சையானது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் திரை முழுக்கப் பச்சை.

"எடுத்துக்கிச்சு!" என்று முனீரா கத்தினாள். "ஜூரோங் எடுத்துக்கிச்சு அங்கிள்! ஒரு ரெக்கார்டுகூட மிஸ்ஸாகல!"

அழகப்பனுக்கு அது போதவில்லை. போனை எடுத்தார். அவசரத்தில் எண்ணைத் தவறாகத் தொட்டு, மறுபடி தொட்டு, ஒலிபெருக்கியையும் தெரியாமல் அழுத்திவிட்டார்.

"என்னங்க?" என்றது ஒரு பெண் குரல், அறை முழுக்கக் கேட்கும்படி. "வேலை நேரத்துல கூப்பிடமாட்டீங்களே. எதையாச்சும் உடைச்சிட்டீங்களா?"

முனீரா சிரித்தேவிட்டாள்.

"ஒண்ணும் உடையல மங்களம். அங்க எல்லாம் சரியா இருக்கா?"

"என்ன சரி? ஏசி குளிருதுன்னு சொன்னா யாரும் கேக்கல. தாதி இப்பத்தான் வந்து ஸ்க்ரீனப் பாத்து இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லிட்டுப் போச்சு. வர்றப்ப கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க. நேத்து வாங்கிட்டு வந்தது ஒரே பூச்சி."

அழகப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கறிவேப்பிலையைப் பற்றி ஒரு மனுஷர் இவ்வளவு ஆசையாகக் கேட்டு செரினா பார்த்ததில்லை. அவள் பையை எடுத்தாள். வந்த வேலை முடிந்தது. தெம்பனிஸை மறுபடி எழுப்புவதை அவர்கள் இரவில் சாவகாசமாகச் செய்துகொள்ளலாம், விதியும் அதற்கு இடம் தருகிறது.

"மேடம், இருங்க" என்றார் அழகப்பன். போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டார். "மங்களம், நல்லாக் கேளு. உன்னோட விவரமெல்லாம் நான் பாத்துக்கிற கம்ப்யூட்டர்லதான் இருக்கு. கொஞ்சம் முன்னாடி அத ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்கு மாத்தினேன். இப்ப நீ அங்க இருக்கிறப்பவே பழைய இடத்துக்குத் திருப்பப்போறேன். உனக்குப் பயமா இருக்கா? இருந்தா சொல்லு, வேணாம்."

அந்தப் பக்கம் இயந்திரம் ஒன்று சீராகச் சத்தம் போடுவது மட்டும் கேட்டது.

"நீங்கதானே செய்றீங்க?" என்றாள் மங்களம்.

"நான்தான்."

"அப்புறம் எனக்கு எதுக்குக் கேள்வி? செய்யுங்க."

செரினாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. அழகப்பன் முனீராவை நகரச் சொல்லிவிட்டு, தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மங்களம் மறுபடி கறிவேப்பிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விசையை அழுத்தினார்.